தேர்தலுக்குத் துப்பாக்கியை ஒப்படைக்க வந்த பெண்மணி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அய்யா அவர்களுக்கும், இதனை வாசிக்கப்போகும் அம்மையீர், அய்யாமார் யாவருக்கும் பணிவான வணக்கம்.

அடியேன் வெம்பக்கோட்டைப் பக்கம், அணைத் தண்ணீர் ஏறாத மேட்டு நிலத்தில் மக்காச்சோளமும் கடலையும் விதைத்துப் பிழைப்பவன். பள்ளிக்கூடம் சென்றது மூன்றாம் வகுப்பு வரைதான். சிவகாசி அச்சகங்களில் கழித்துப் போடும் காலண்டர் தாள்களையும் பட்டாசு லேபிள்களையும் எழுத்துக் கூட்டி வாசித்தே தமிழைக் கற்றுக்கொண்டேன். ஆகவே இதில் பிழைகள் இருப்பின் பொறுத்தருள வேண்டும்.

நான் சொல்லவிருப்பது 2006ஆம் ஆண்டு, சட்டமன்றத் தேர்தலுக்கு முன்பாக, பங்குனி மாதக் கடைசியில் எங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் காட்டுப்பன்றிகளிடமிருந்து பயிரைக் காத்துக்கொள்ளச் சில விவசாயிகளுக்கு அரசாங்கம் உரிமம் கொடுத்திருக்கிறது. நவீனமான துப்பாக்கி அல்ல. குழலின் வாய்வழியாகக் கருமருந்தைப் போட்டு, கம்பியால் இடித்து வெடிக்கும் பழைய நாட்டுத் துப்பாக்கி. தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் அவற்றையெல்லாம் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். வாக்கு எண்ணிக்கை முடிந்த பிறகே திரும்பக் கிடைக்கும். இது எங்கள் ஊர்ப் பக்கம் அனைவரும் அறிந்த நடைமுறை.

அன்று முற்பகல் நிலையத்து வாசலில் துப்பாக்கிக்காரர்கள் வரிசையாக நின்றிருந்தோம். ஒருவர் சாக்கில் சுற்றி வந்திருந்தார். இன்னொருவர் கோரைப் பாயில் சுருட்டி, பிணத்தைத் தூக்கி வருவது போலத் தோளில் சுமந்து வந்தார். என்னுடையது அச்சுப் பிசகிய காலண்டர் தாளுக்குள் இருந்தது. துப்பாக்கிகள் அனைத்தும் மருந்தில்லாத வெறும் குழலாக இருந்தபோதிலும், பீடி பிடிக்க நினைத்தவர்கள் சாலையைக் கடந்து எதிர்ப்புறம் சென்றே பற்ற வைத்தார்கள். பட்டாசுக் கம்பெனிகளுக்கு நடுவே வாழ்கிறவர்களுக்கு அது சொல்லிக்கொடுக்காமலே வரும் பழக்கம்.

அந்த வரிசையிலேயே ஒரே ஒரு பெண்மணிதான்; அவர் எனக்கு முன்னால் நின்றிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கலாம். விரல் இடுக்குகளில் அலுமினியப் பவுடர் வெள்ளியாக ஒட்டியிருந்ததால் பட்டாசு வேலைக்குப் போகிறவர் என்று தெரிந்தது. காக்கித் துணியில் தைத்த நீண்ட உறை ஒன்றைக் குழந்தையை அணைத்தாற்போல நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். எனக்குப் பின்னால் நின்ற முதியவர் ஒருவர், வாயைத் திறந்தால் மூட அறியாதவர், சும்மா இருக்க மாட்டாமல் பேச்சுக் கொடுத்தார்.

"என்னத்தா, வீட்டுக்காரரு வரலியா? உன்னைய அனுப்பிட்டாரா?"

"இது என் பேர்ல உள்ளது மாமா."

"ஓகோ, சொந்தத் துப்பாக்கியா. பன்னியச் சுடவா, புருசனச் சுடவா?"

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றே எண்ணுகிறேன். அப்பெண்மணி கோபப்படவில்லை. திரும்பிப் பார்த்து அமைதியாகச் சொன்னார்.

"வேலியத் தாண்டி உள்ள வந்தா ரெண்டும் ஒண்ணுதான் மாமா."

இம்முறை எழுந்த சிரிப்பு முன்னதைவிடப் பெரிது. அது அந்த முதியவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. அவரும் தலையைச் சொறிந்துகொண்டு, நாக்கு நம்ம ஊர் வெயிலைவிடச் சுடுகிறது என்று முணுமுணுத்தார்.

அப்பெண்மணியின் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் ஓய்வு பெறும் வயதை நெருங்கிய தலைமைக் காவலர் ஒருவர் அமர்ந்திருந்தார். எங்கள் பக்கத்து வழக்கப்படி அவரை ஏட்டு என்றே குறிப்பிடுகிறேன். அப்பெண்மணி துப்பாக்கியை மேசைமீது வைத்துவிட்டு, உறையிலிருந்து கையை எடுக்காமல் ஒரு கேள்வி கேட்டார். அதுபோன்ற கேள்வியை அவ்விடத்தில் அதற்கு முன் எவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"சார், நான் இதை இங்கன குடுத்திருக்கேன்னு வெளியில தெரியாம இருக்குமா?"

ஏட்டு நிமிராமலே, தேர்தல் என்றால் துப்பாக்கி ஸ்டேஷனில் இருக்கும் என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி, இதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்றார்.

"அதான் சார் கேக்கேன்."

ஏட்டு அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். ஏற்கெனவே அறிந்த முகம் என்பது அவர் பார்வையில் தெரிந்தது. குரல் தணிந்தது.

"இன்னும் அங்கனயேதான் சுத்திக்கிட்டிருக்கானா?"

"தெருமுனை வேப்பமரம் வரைக்கும் வருவாக சார். இது வீட்டுல இருக்கதுனால அதுக்கு மேல வரல. நாளையிலருந்து வருவாக."

கணவரைப் பற்றித்தான் பேசுகிறார் என்பது எங்களுக்குப் புரிந்தது. தன்னைத் துன்புறுத்தும் மனிதருக்கும் அவர் 'வருவாக' என்று மரியாதை கொடுத்ததையும் கவனித்தேன். சற்றுமுன் சிரித்தவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

விலக்கு ஏதும் கிடைக்காதா என்று நானே ஏட்டிடம் கேட்டேன். விலக்கு உண்டுதான், ஆனால் அது மேலிடத்தில் மனுக் கொடுத்து, விசாரித்து வரவேண்டியது. அது வந்து சேர்வதற்குள் தேர்தலே முடிந்துவிடும் என்றார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு எங்களைப் பார்த்து, யாருக்கோ வாக்குமூலம் கொடுப்பது போலப் பேசினார்.

"இந்தப் பிள்ளைக்காக அவனைக் கூப்பிட்டு எத்தனையோ தடவ எழுதி வாங்கியிருக்கேன். இனிமே அடிக்க மாட்டேன்னு ஒவ்வொரு தடவையும் கையெழுத்துப் போட்டான். போட்டுட்டு நேரா வீட்டுக்குப் போய்த்தான் அடிச்சான்."

துப்பாக்கியை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குச் சென்றார். கதவு திறந்தே இருந்தது. நாங்கள் பார்க்கும்போதே உறையை அவிழ்த்து, துப்பாக்கியை மற்றவற்றோடு சுவரில் சாய்த்து வைத்தார். மூலையில் நின்ற மூங்கில் லத்தி ஒன்றை எடுத்தார். அடிப்பக்கம் பருமனாகத் தோன்றும்படி பழைய செய்தித்தாளை இறுக்கிச் சுற்றினார். அதனை அந்தக் காக்கி உறைக்குள் இறக்கி, வாயைக் கட்டி, வெளியே கொண்டுவந்து அப்பெண்மணியின் கைகளில் வைத்தார். துப்பாக்கிக்குரிய ரசீதையும் மடித்துக் கொடுத்தார்.

"இது கவர்மெண்டுக் கம்பு. எலெக்சன் முடிஞ்சதும் இதைக் குடுத்துட்டு உன்னுதை வாங்கிக்க. இப்பத் தோள்ல போட்டுக்கிட்டுக் கடைத்தெரு வழியா நடந்து போ. குறுக்குப் பாதையில போகாத."

அதன் பின் வரிசையை நோக்கித் திரும்பினார். அவர் குரலில் பழைய அதிகாரம் வந்துவிட்டது.

"இந்தம்மாவுக்கு விலக்கு குடுத்தாச்சு. துப்பாக்கி அவுக கையிலயேதான் இருக்கு. அம்புட்டுப் பேரும் பாத்தீகள்ல?"

நாங்கள் அனைவரும் வெவ்வேறு ஊர்க்காரர்கள். எங்களில் ஒருவர் வாய் தவறினாலும் அன்று மாலைக்குள் அந்தச் செய்தி வேப்பமரத்தடிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். முதலில் வாய் திறந்தவர் அந்த முதியவர்தான்.

"நல்லாப் பாத்தேன் சார். கண்ணாடி போடாமலே பாத்தேன்."

மனைவியிடம்கூடச் சொல்லக் கூடாது என்று ஏட்டு எச்சரித்தார். அப்பெண்மணி எங்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, உறையைத் தோளில் மாட்டிக்கொண்டு உச்சி வெயிலில் கடைத்தெருவின் நடுவே நடந்து போனார்.

அன்று பொழுது சாய என் மனைவி வேலைக்குப் போய்த் திரும்பினாள். அவளும் எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குத்தான் போகிறாள். கிணற்றடியில் தேங்காய் நார் கொண்டு கையில் ஒட்டிய பவுடரைத் தேய்த்தவாறே, தங்கள் வேனில் வரும் ஒருத்திக்குத் துப்பாக்கி விலக்கு கிடைத்துவிட்டதாம், வேன் முழுவதும் அதே பேச்சு என்றாள். நான் ஒன்றும் அறியாதவன் போல யார் அவர் என்று கேட்டேன். அவள் சொன்ன வரலாற்றைச் சுருக்கமாக எழுதுகிறேன்.

அப்பெண்மணி எங்கள் பக்கத்து ஊர். தகப்பனாருக்கு ஒரே மகள். கணவன் லாரியில் பட்டாசு லோடு ஏற்றி இறக்குபவன். குடித்தாலும் அடிப்பான், குடிக்காத நாளிலும் அடிப்பான். ஒருமுறை இவர்மேல் மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டு அவன் தீப்பெட்டியைத் தேடியபோது, இரண்டு பெண் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு தகப்பன் வீட்டுக்கு ஓடி வந்துவிட்டார். அங்கே சுவரில் பன்றிக்கு வைத்திருந்த துப்பாக்கி தொங்கியது. தகப்பனார் உயிரோடு இருந்தவரை மருமகன் அந்த வாசலை மிதிக்கவில்லை. அவர் இறந்து, துப்பாக்கியும் அரசாங்க விதிப்படி வீட்டைவிட்டுப் போன மறு மாதமே அவன் உள்ளே புகுந்து இப்பெண்மணியின் இடது கையை முறித்துப் போட்டான். கட்டுப் பிரித்த கையோடு இவர் அலுவலகம் அலுவலகமாக நடந்து, வாரிசு என்ற முறையில் உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்றித் துப்பாக்கியை மறுபடியும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அன்று முதல் அவன் தெருமுனை வேப்பமரத்தோடு நின்றுகொண்டான்.

"ஒரு தடவகூட அவ அதை அவன் பக்கம் திருப்புனதில்ல. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வாசல்ல உக்காந்து எண்ணெ போட்டுத் தொடைப்பா. அம்புட்டுத்தான். அவன் மரத்தடியில நின்னு பாத்துட்டுப் போயிருவான்," என்றாள் என் மனைவி.

இத்தனை நடந்தும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று வருத்தத்தோடு கேட்டேன். நான் ஊரில் நியாயம் பேசுகிறவன் என்ற பெயர் வாங்கியவன்.

"சொன்னா என்ன செஞ்சிருப்பீக? ரெண்டு பேரையும் கூப்பிட்டு வச்சு, ஒத்துமையா இருங்கன்னு அனுப்பி விட்டுருப்பீக."

அவள் முகம் அன்று மலர்ச்சியாக இருந்தது. எந்த உறையை நம்பி அவர்களெல்லாம் நிம்மதி அடைந்தார்களோ, அதற்குள் இருப்பது மூங்கில் கம்பு என்று அறிந்த நான் அன்று சோற்றை மென்று விழுங்கப் பட்ட பாட்டை இங்கு எழுத இயலவில்லை.

சில வாரங்கள் கடந்தன. ஊரெங்கும் கட்சிக்கொடியும் ஒலிபெருக்கியுமாக இருந்தது. ஒருநாள் காலை எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் அமர்ந்திருந்தபோது, வாட்டசாட்டமான ஒருவன் வந்து மரியாதையாக வணக்கம் சொல்லி எதிர் பெஞ்சில் உட்கார்ந்தான். அவனே அப்பெண்மணியின் கணவன் என்பது அவன் பேசத் தொடங்கியதும் விளங்கியது.

"அண்ணாச்சி, அன்னைக்கு டேசன்ல நீங்களும் இருந்தீகளாமே. எம் பொண்டாட்டிக்கு மட்டும் என்ன விலக்கு? அவ என்ன பேங்குக்குக் காவலா இருக்கா?"

அவன் சந்தேகத்துக்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று, அந்த முதியவரைத் தேடிப் போய் விசாரித்திருக்கிறான். அவர் இரகசியத்தைக் காத்தார். ஆனால் அளவோடு காக்கத் தெரியவில்லை. விலக்கு மட்டுமா கொடுத்தார்கள், மதுரையிலிருந்து புதுத் துப்பாக்கியே வந்து இறங்கியது, ஆறு தோட்டா ஒரே நேரத்தில் போகும் என்று அளந்து தள்ளியிருக்கிறார். இரண்டாவது காரணம்தான் ஆபத்தானது.

"ஞாயித்துக்கிழமையானா எடுத்துத் தொடைப்பா. இந்தத் தடவ வாங்கிட்டு வந்ததுலருந்து உறையவே பிரிக்கல. ஏன் பிரிக்கல?"

ஊரில் எத்தனையோ வழக்குகளில் நான் சாட்சி சொல்லியிருக்கிறேன். என் வாயிலிருந்து பொய் வராது என்பதே என்னுடைய சொத்து. அதை நம்பித்தான் அவனும் பஸ் ஏறி என்னிடம் வந்திருந்தான். நான் தயங்கினால்கூட அவனுக்கு விடை கிடைத்துவிடும். டீ டம்ளரைக் கீழே வைத்தேன். நான் யோசிப்பதற்கு முன்பாகவே என் வாய் பேசிவிட்டது.

"எப்படிப் பிரிக்க முடியும்? அரக்கு வச்சு சீல் போட்டுல்ல குடுத்திருக்காக. எலெக்சன் நேரம். உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் சீல ஒடைக்கலாம்னு உத்தரவு. நான் பக்கத்துலதான் நின்னேன்."

அவன் என் கண்களைப் பார்த்தான். நானும் பார்த்தேன். சிறிது நேரத்தில் அவன் தோள் தளர்ந்தது.

"இத்தன வருசம் குடும்பம் நடத்துனேன். இப்ப எம் பிள்ளைகளைப் பாக்க மரத்தடியில நிக்கேன். கோவத்துல ரெண்டு போடுறது எவன் வீட்டுல இல்ல? நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி."

அவன் குரலில் உண்மையாகவே ஆற்றாமை இருந்தது. தான் செய்தது இன்னதென்று அவன் இதுவரை உணரவே இல்லை என்பதை அப்போது கண்டேன். மண்ணெண்ணெயைப் பற்றி அவனிடம் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் குறுக்கிட்டார்.

"எங்க வீட்டுல இல்லப்பா. எங்க வீட்டுல அவதான் போடுவா."

கடையே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. காசை வைத்துவிட்டு எழுந்தான். போகும்போது, வரும் ஞாயிற்றுக்கிழமை அந்த அரக்கு முத்திரையைத் தானே பார்த்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

நான் சொன்னது பொய். அந்த உறையில் அரக்கும் இல்லை, சீலும் இல்லை. அவன் நேரில் பார்த்துவிட்டால், என் பொய்யே அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டதாக ஆகும். ஏட்டோ தேர்தல் பணிக்கு வேறு ஊருக்குப் போயிருந்தார். வேறு வழியில்லாமல் அன்று மாலை என் மனைவியை அருகே அழைத்து, உறைக்குள் இருப்பது துப்பாக்கி அல்ல, லத்தி என்று உண்மையைச் சொன்னேன். அவள் பதறிப்போவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே இருந்தாள்.

"அது கம்புன்னு மறுநாளே எங்களுக்குத் தெரியும். அவளே வேன்ல வச்சுச் சொல்லிட்டா. வேலை முடிஞ்சதும் ரெண்டு ரெண்டு பேரா மாத்தி மாத்தி அவ வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கிடுறாக. போன வாரம் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு போனேன்ல? அங்கனதான் போனேன்."

ஆண்கள் நாங்கள் ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு, பெரிய இரகசியத்தைக் காப்பதாக உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். ஒரு வேன் நிறைந்த பெண்கள் அதே இரகசியத்தையும் காத்து, அவருடைய வீட்டையும் காத்து, எங்களுக்குச் சந்தேகமே வராமல் சோறும் ஆக்கிப் போட்டிருக்கிறார்கள்.

அரக்குச் செய்தியைக் கேட்டவுடன்தான் அவள் கை நின்றது. சற்று யோசித்துவிட்டு, கம்பெனியில் பார்சலுக்கு வைக்கும் சிவப்பு அரக்கு இருக்கிறது, ஆனால் அரசாங்க முத்திரைக்கு எங்கே போவது என்றாள். நான் மடியிலிருந்த சில்லறையைத் தரையில் கொட்டினேன். அதில் ஒரு நாலணா இருந்தது. அதன் ஒரு பக்கத்தில் சிங்கமுகம் தெளிவாக இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

சனிக்கிழமை மாலைக்குள் அந்தக் காக்கி உறையின் கட்டுமீது சிவப்பு அரக்கு உருக்கி வைக்கப்பட்டு, அதில் நாலணாவின் சிங்கங்கள் பதிந்திருந்தன. ஞாயிறு காலை அப்பெண்மணி வழக்கம்போல வாசலில் வந்து உட்கார்ந்தார். உறையை மடியில் வைத்து, அரக்கு வெளிப்புறம் தெரியும்படி, உறையின் மேலே படிந்த தூசியை மட்டும் துணியால் தட்டினார். துணை இருந்த பெண்கள் இருவரும் உள்ளே கதவிடுக்கில் நின்றார்கள். அவன் வந்தான். வேப்பமரத்தைத் தாண்டி ஓரிரண்டு எட்டு முன்னால் வைத்தான். அதுவரை அவன் வைக்காத எட்டு அது. அப்பெண்மணி எழவில்லை, சத்தம் போடவில்லை. கட்டின்மீது விரலை வைத்து, அரக்கின் ஓரத்தை நகத்தால் மெல்ல நெம்பினார். அவன் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு திரும்பிப் போய்விட்டான். மறுநாள் என் மனைவி சொல்லித்தான் இது எனக்குத் தெரிந்தது.

தேர்தல் நடந்தது, முடிவும் வந்தது. வைகாசியில் அதே காவல் நிலையத்தில், ஏறத்தாழ அதே மனிதர்கள், துப்பாக்கிகளைத் திரும்பப் பெற வரிசையில் நின்றோம். அந்தப் பெண்மணியும் வந்திருந்தார். ஏட்டு உறையை வாங்கி அரக்கைப் பார்த்தார், உற்றுப் பார்த்தார், இது எந்த மாவட்டத்துச் சீல் என்று கேட்டார். நடந்ததை நான் சொன்னபோது வரிசையில் இருந்த அனைவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். முதியவர், ஆறு தோட்டாத் துப்பாக்கியைப் பற்றித் தாம் சொன்னதுதான் அவனை உண்மையில் பயமுறுத்தியது என்று வாதிட்டார். எல்லோர் முகத்திலும் ஒரு திருவிழாவை நடத்தி முடித்த களிப்பு. அந்தக் களிப்பில் நான் ஒரு வார்த்தை சொன்னேன். நல்லெண்ணத்தோடுதான் சொன்னேன். இனி இந்தத் துப்பாக்கி எதற்கு அம்மா, பெண் பிள்ளைகள் இருக்கிற வீடு, இத்தனை ஊர்க்காரர்களும் உனக்குக் காவலாக இருக்கிறோமே, உரிமத்தை ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமே என்றேன். சிலர் ஆமோதித்துத் தலையாட்டினார்கள்.

அப்பெண்மணி என்னைப் புண்படுத்தாமல் எப்படிச் சொல்வது என்று யோசித்தார் போலும்.

"அண்ணாச்சி, நீங்கல்லாம் எனக்காக வாயக் கட்டிக்கிட்டீக. பொம்பளைக அவுக வீட்ட விட்டுட்டு வந்து எங்கூடப் படுத்தாக. நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா ஆயுசு பூரா இத்தன பேரு வாயையும் இத்தன பேரு உறக்கத்தையும் நம்பி நான் எப்படி அண்ணாச்சி கண்ண மூடுறது? யாராச்சும் ஒருத்தருக்கு ஒரு நா அலுத்துப் போச்சுன்னா, எம் பிள்ளைக என்ன ஆகும்?"

ஏட்டு உள்ளே சென்று துப்பாக்கியை எடுத்து வந்து, இரண்டு கைகளாலும் நீட்டினார். அப்பெண்மணி குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தார். விசையைச் சரிபார்த்தார். அவ்விடத்தில் நாங்கள் ஒவ்வொருவரும் எங்கள் துப்பாக்கிக்கு எதைச் செய்தோமோ அதையே செய்தார். ஆனால் எங்களில் எவரும் அவ்வளவு கவனமாகச் செய்யவில்லை. பிறகு கையெழுத்திட்டுவிட்டு, மதிய வேலைக்கு நேரமாகிறது என்று வேகமாக நடந்து போய்விட்டார்.

துப்பாக்கி இருக்கும் வீட்டில் ஆபத்தும் இருக்கிறது என்பதை நான் அறியாதவன் அல்லேன். மருந்தோடு வாழ்ந்து, மருந்தால் எத்தனையோ பேரை இழந்த மண் எங்களுடையது. அவ்வீட்டில் மருந்தும் துப்பாக்கியும் ஒரே இடத்தில் இருந்ததில்லை என்றும், பன்றிகளைத் தவிர எவ்வுயிர் மீதும் அது நீண்டதில்லை என்றும் என் மனைவி மூலம் அறிவேன். இருப்பினும் ஒரு தாய் இப்படியொரு இரும்பைத் துணைக்கு வைத்துக்கொள்ள நேர்ந்ததைப் பெருமையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது எங்கள் எல்லோருக்கும் தலைகுனிவு. ஆனால் அது உனக்கு வேண்டாம் என்று அவரிடம் சொல்லும் உரிமை, அவருடைய வாசலில் ஒவ்வொரு நாளும் நிற்கக் கூடியவனுக்கு மட்டுமே உண்டு என்பதையும், அப்படி நிற்கக் கூடியவன் நான் அல்லேன் என்பதையும் அந்த வைகாசி மாதத்து முற்பகல் எனக்கு விளங்க வைத்தது.

அப்பெண்மணியிடம் அனுமதி கேட்டே இதை எழுதினேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்று மட்டும் சொன்னார். தங்கள் இதழில் இதற்கு இடமில்லாமல் போனாலும், இந்தத் தாள்களைக் கழித்துப் போடாமல் எங்காவது ஓர் ஓரத்தில் வைத்திருக்கும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.